பழைய டர்போ வண்டியின் மைலேஜ் குறைந்தால், முதலில் காற்றைத் தேடுங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் கார். புதிதில் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 15-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஒரு மெக்கானிக் "டர்போ போயிடுச்சு சார்" என்கிறார். இன்னொருவர் "இன்ஜெக்டர் நாலையும் மாத்திடலாம்" என்கிறார். (இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்.) இரண்டுமே பர்ஸைக் காலி செய்யும் வேலைகள். இப்படி இரண்டு பேச்சுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ வண்டியில் மைலேஜ் குறைந்தால், பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது டர்போ இல்லை. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வழியில் எங்கோ கசிகிறது, அல்லது வண்டியின் கம்ப்யூட்டர் காற்றைத் தப்பாக அளக்கிறது, அல்லது சக்கரம் தாராளமாகச் சுழலவில்லை. இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் டர்போவின் மேல் கை வைக்க வேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட், 1248 சிசி. 2003-இல் ஐரோப்பாவில் வந்த இந்த இன்ஜினை 2007-இல் மாருதி, ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா என்று எத்தனையோ வண்டிகளில் இதுதான். 2020-இல் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டது. ஆனாலும் நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறு ஊர் மெக்கானிக்குகளுக்கும் கைப்பழக்கமான இன்ஜின். இதற்குச் சொல்வதில் பெரும்பகுதி மற்ற டர்போ டீசல்களுக்கும் பொருந்தும்.

டர்போ என்ன செய்கிறது

இன்ஜினில் எரிந்து வெளியேறும் புகை சூடாகவும் வேகமாகவும் வருகிறது. சாதாரண இன்ஜினில் அந்தச் சக்தி சைலன்ஸர் வழியாக வீணாகப் போய்விடும். டர்போவில் அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார் டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். காற்றை அழுத்தினால் சூடாகும், சூடான காற்று விரிந்துவிடும். அதனால் நடுவில் இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் போன்ற ஒன்றின் வழியே போய், குளிர்ந்து அடர்த்தியான பிறகு சிலிண்டருக்குள் நுழைகிறது. காற்று அதிகம் இருந்தால் அதிக டீசலை முழுசாக எரிக்கலாம். அதனால்தான் 1248 சிசி இன்ஜின் ஐந்து பேரையும் டிக்கி நிறைய சாமான்களையும் இழுக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த இன்ஜினை ஃபியட் வடிவமைத்ததே, டர்போ அழுத்திய காற்று கிடைக்கும் என்ற கணக்கில். அந்தக் காற்று குறைந்தால் மிஞ்சுவது பலமில்லாத ஒரு சின்ன இன்ஜின். ஓட்டுபவர் தானாகவே ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துவார், ஒரு கியர் குறைப்பார். எரியாத டீசல் கரும்புகையாகப் பின்னால் போகும். மைலேஜ் போகும் வழி இதுதான்.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

"மைலேஜ் குறைஞ்சிடுச்சு" என்பது பல நேரம் மனக்கணக்கு. டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். ஒரே பங்கில், முடிந்தால் அதே பம்பில், நாஸில் தானாகக் கட் ஆகும் வரை டீசல் போடுங்கள். அதற்கு மேல் "ரவுண்டாக்கிக்கலாம்" என்று சொட்டச் சொட்ட ஊற்ற வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி வழக்கம்போல ஓட்டுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும் அதே பங்கில் அதேபோல நிரப்புங்கள். 520 கிலோமீட்டர் ஓடி 31.5 லிட்டர் பிடித்தது என்றால், 520-ஐ 31.5-ஆல் வகுத்து 16.5. ஒரு தடவை அளந்தது போதாது. இரண்டு மூன்று முறை செய்து சராசரி பாருங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் ஓடோமீட்டரே தப்பாகக் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

விளம்பரத்தில் வந்த ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பு) மைலேஜ் எண்ணோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் வண்டியை நிறுத்தி, ஏசி இல்லாமல், 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் எடுத்த எண். உங்கள் வண்டி இதே சாலையில் முன்பு கொடுத்தது எவ்வளவு, இப்போது கொடுப்பது எவ்வளவு என்பதுதான் கணக்கு.

காசு செலவில்லாத சோதனைகள்

டயர் காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள பிஎஸ்ஐ அளவு. காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். நான்கு டயரிலும் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் ஏறத்தாழ 0.2 சதவீத எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பத்து பிஎஸ்ஐ குறைந்த வண்டிகள் ஊரில் நிறைய ஓடுகின்றன.

அடுத்து பிரேக். பழைய வண்டிகளில் முன் பிரேக்கில் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் ஊசி (பின்) துருப்பிடித்து இறுகிவிடும், பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் ஹேண்ட்பிரேக் கேபிள் முழுதாக விடாது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கேதான் டீசல் போகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுழற்றினாலும் தெரிந்துவிடும்.

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதைக் கழற்றி எறியும் பழக்கம் இருக்கிறது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார், எடுத்துட்டா இன்ஜின் கூலா ஓடும்" என்பார்கள். இன்ஜின் கூலாக ஓடக் கூடாது! 90 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் ஆயில் சரியான இளக்கத்தில் இருக்கும், டீசல் சரியாக எரியும். சூடு ஏறாவிட்டால், வண்டி இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டீசல் கணக்கை மாற்றும். தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்வது 1.3 மல்டிஜெட்டில் அடிக்கடி வரும் கோளாறு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது சூடு இறங்கி, டிராஃபிக்கில் நின்றால் ஏறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

இதையெல்லாம் எண்களாகப் பார்க்க வழி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன புளூடூத் ஸ்கேனர் கடையில் மலிவாகவே கிடைக்கும். பிஎஸ்-6-க்கு முந்தைய பிஎஸ்-4 விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் வேலை செய்யும். இன்ஜின் சூடு, உள்ளே வரும் காற்றின் அளவு, டர்போ அழுத்தம் எல்லாம் கைபேசியிலேயே தெரியும். பழைய டர்போ வண்டி வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பேன்.

காற்று எங்கே போகிறது

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் தடிமனான ரப்பர் ஹோஸ்கள் போகின்றன. பத்து வருட வெயில், இன்ஜின் சூடு, உள்ளே படியும் ஆயில் ஈரம் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிடும். விரிசல் பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் இறுக்கும் இடத்தை ஒட்டி வரும். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும். வண்டி ஐடிலில் நிற்கும்போது அழுத்தம் இல்லாததால் அந்த வெட்டு மூடியே இருக்கும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால்தான் திறந்துகொள்ளும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கண்டுபிடிக்கும் விதம் இது. இன்ஜின் ஆறிய பிறகு ஒவ்வொரு ஹோஸையும் விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கம். எங்கே எண்ணெயும் தூசியும் கலந்து கரும்பசையாக ஒட்டியிருக்கிறதோ, அங்கிருந்து காற்று பீய்ச்சியடிக்கிறது என்று அர்த்தம். டர்போவைக் கடந்து வரும் காற்றில் ஆயில் ஆவி கொஞ்சம் இருக்கும். அது வெளியேறும் இடத்தில் கறை வைத்துவிட்டுத்தான் போகும். அந்த இடத்தில் ஹோஸை இரண்டு கையாலும் பிசைந்து விரித்தால் வெட்டு வாய் திறப்பது தெரியும். கிளாம்ப் இறுகியிருந்தாலும் ஹோஸைத் திருகிப் பாருங்கள், சுழன்றால் பிடிமானம் இல்லை.

கண்ணுக்குப் பிடிபடவில்லையா? அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஒரு வேலை செய்வார்கள். டர்போவுக்குக் காற்று நுழையும் வாயை, டியூப் வால்வு பொருத்திய ஒரு பிவிசி மூடியால் அடைப்பார்கள். கம்ப்ரஸரால் மெதுவாக, பத்துப் பதினைந்து பிஎஸ்ஐ அளவுக்குள் காற்றை ஏற்றி, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளிப்பார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது போலத்தான்: குமிழி வரும் இடம் கசியும் இடம். இன்டர்கூலரின் ஓரத் தையலிலிருந்தும் குமிழி வரலாம்.

ஸ்கேனர் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. சென்னை போன்ற கடல்மட்ட ஊரில் இன்ஜின் ஓடாதபோது மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம்) 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். காலியான ஏற்றச் சாலையில் மூன்றாவது கியரில், 2000-லிருந்து 3000 ஆர்பிஎம் வரை முழுசாக மிதித்தால் அது 200 அளவுக்கு ஏற வேண்டும். 130, 140-லேயே நின்றுவிட்டால் காற்று வந்து சேரவில்லை. எண்ணைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்கட்டும்.

ஹோஸ் மாற்றும்போது ஒரிஜினல் பாகமோ நல்ல சிலிக்கான் ஹோஸோ போடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஒரு வாரம்கூடத் தாங்காது.

காற்றை அளக்கும் கருவி, புகையைத் திருப்பும் வால்வு

ஏர் ஃபில்டருக்கு அடுத்து மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. எம்ஏஎஃப் என்பார்கள். சூடாக்கிய மெல்லிய பட்டையைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து, உள்ளே போகும் காற்றை அது அளக்கிறது. அதன்மேல் தூசி படிந்தால் காற்று குறைவு என்று சொல்லும், கம்ப்யூட்டரும் டீசலைக் குறைத்துவிடும். வண்டி மந்தமாகும், நீங்கள் கியரைக் குறைத்து விரட்டுவீர்கள். மலிவு விலை ஏர் ஃபில்டர் போட்டாலும், ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராவிட்டாலும் இது சீக்கிரம் வரும். இதற்கென்றே ஸ்ப்ரே கிளீனர் விற்கிறது. அதைத் தூரத்திலிருந்து அடித்து, தானாக உலரவிட்டு மாட்ட வேண்டும். துணி, காது குடையும் பஞ்சு, கார்புரேட்டர் கிளீனர் எதுவும் கூடாது.

இஜிஆர் வால்வு, வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிறது. எரியும் சூட்டைத் தணித்து நைட்ரஜன் ஆக்ஸைடு நச்சைக் குறைக்கும் ஏற்பாடு அது. கரி படிந்து திறந்தபடியே மாட்டிக்கொண்டால், நல்ல காற்று வர வேண்டிய இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். சிலர் தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்வார்கள். அந்த நச்சை நம் தெருவில் மூச்சு விடும் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். வேண்டாம்.

ஆயிலும் டீசலும்

டர்போ தண்டு உலோகத்தின்மேல் நேராக உரசி ஓடுவதில்லை, இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல் ஓடுகிறது. கையேட்டில் எழுதியிருக்கும் கிரேடைத்தான் ஊற்ற வேண்டும். "பழைய வண்டிதானே, கெட்டி ஆயில் போடலாம்" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், இன்ஜின் உள்ளே உருளவும் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதுதான் டர்போவைக் கொல்லும் முதல் காரணம் என்பது என் எண்ணம்.

டீசல் ஃபில்டரை அடிக்கடி கவனியுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். இன்ஜெக்டரைச் சந்தேகித்தால், மாற்றச் சொல்வதற்கு முன் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் திரும்பும் குழாய்களிலும் நான்கு சின்ன பாட்டில் மாட்டி வண்டியை ஓடவிடுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் அந்த ஒன்றுதான் தேய்ந்திருக்கிறது. நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. இதை நீங்களே வீட்டில் முயல வேண்டாம். இன்ஜெக்டர்களுக்கு டீசலை அனுப்பும் காமன் ரயில் என்ற குழாயில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பார் என்ற அளவைத் தாண்டும், அந்தக் குழாயிலிருந்து பீய்ச்சும் துளி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மைலேஜ் மருந்து என்று நிறைய விற்கிறார்கள். வெடித்த ஹோஸை எந்த மருந்தும் ஒட்டாது. அந்தப் பணத்துக்கு ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

டர்போவே போயிருந்தால்

அது நடக்காமலும் இல்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது சைரன் மாதிரி ஊளை, பின்னால் நீலப்புகை, ஆயில் அளவு குறைந்துகொண்டே வருவது ஆகியவை அடையாளங்கள். காற்று நுழையும் ஹோஸைக் கழற்றி, இன்ஜின் ஆறியிருக்கும்போது தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் இம்மி அசைவு இயல்பு. முன்னும் பின்னும் இழுக்கும்போது அசைந்தாலோ, சக்கரத்தின் இதழ் சுவரில் உரசியிருந்தாலோ முடிந்துவிட்டது. குழாயில் லேசான ஆயில் ஈரம் இருப்பதைக் காட்டி "டர்போ அவுட்" என்று சொன்னால் ஏற்காதீர்கள், அது எல்லா வண்டியிலும் இருக்கும். எர்டிகா, லீனியா போன்றவற்றில் வந்த 90 குதிரைத்திறன் வகையில் டர்போவுக்குள் அசையும் இதழ்கள் உண்டு. நகர டிராஃபிக்கிலேயே ஓடிய வண்டியில் அவை கரியில் மாட்டிக்கொள்ளும், சுத்தம் செய்தே காப்பாற்றலாம்.

நீலப்புகை அடர்த்தியாக வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். டர்போவின் ஆயில் சீல் முழுசாக உடைந்தால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து, சாவியைத் திருகினாலும் நிற்காமல் அலறும். கியர் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டால் அணைந்துவிடும்.

ஓட்டும் விதம்

ஸ்விஃப்ட் டிடிஐஎஸ் தன் முழு இழுவிசையான 190 நியூட்டன் மீட்டரை 2000 ஆர்பிஎம்மில் தருகிறது. 1500-க்குக் கீழே டர்போ பெரிதாக எதுவும் தருவதில்லை. "குறைந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால் மைலேஜ்" என்று ஐந்தாவது கியரில் 1200-இல் வைத்து முழுசாக மிதிப்பவர்கள் பாவம், கரும்புகையைத்தான் வாங்குகிறார்கள். ஒரு கியர் குறைத்து 1800-ஐ ஒட்டி, மிதமாக மிதித்து ஏற்றுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவது இன்னொரு பழக்கம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கியரிலேயே இருந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் டீசலை முழுசாக நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் ஐடில் ஓட்டத்துக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக்கும் காய்ந்து பிடிமானம் போகும். காசும் நஷ்டம், உயிருக்கும் ஆபத்து.

வேகத்தைப் பொறுத்தவரை, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. யாரும் ஏற்றாத மேல் கேரியரைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

பெட்ரோல் டர்போ என்றால்

2013-ஐ ஒட்டி வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, எக்கோஸ்போர்ட் எக்கோபூஸ்ட் போன்ற வண்டிகளுக்கும் காற்றுக் கசிவுச் சோதனை அப்படியே பொருந்தும். கூடுதலாக ஸ்பார்க் பிளக், ஆக்ஸிஜன் சென்சார் இரண்டையும் பார்க்க வேண்டும். சென்சார் வயதாகி மந்தமானால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றலாம். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின்மேல் கரி படியும், அதைக் கழுவிவிட அங்கே பெட்ரோல் வராது. அதோடு இப்போதைய இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கான ஆற்றல் சுத்த பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் குறைவு. அந்த அளவு குறைந்திருந்தால் வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டு, இரண்டு டேங்க் ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள். நாலைந்து வேலையை ஒரே நாளில் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாது. டயர், பிரேக், தெர்மோஸ்டாட், ஹோஸ், எம்ஏஎஃப், இஜிஆர் எல்லாம் பார்த்தும் எண் ஏறவில்லை என்றால், அப்போது இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷனே குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங் வரை போகும் வேலை அது. வண்டியின் இன்றைய விலையையும் அந்தச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.